திரும்பாத கழுத்து

பீர்க்கன்கரணையில் முதாசிருக்குத் தலைக்கனம் பிடித்தவன் என்று ஒரு பெயர் இருந்தது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டான். நின்று, காலை மாற்றி வைத்து, உடம்பு முழுவதையும் ஒரு கதவைப்போல மெதுவாகச் சுற்றித்தான் திரும்புவான். அதற்குள் கூப்பிட்டவர் போயிருப்பார். மூணு வாட்டி கூப்பிட்டும் மதிக்கவில்லை என்று போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லியும் இருப்பார். முதாசிர் யாரையும் தேடிப்போய் விளக்கம் சொல்கிறவன் இல்லை. தனக்கே விளங்காததை அடுத்தவருக்கு எப்படி விளக்குவது என்று விட்டுவிட்டான்.

அவன் தொழில் பால்ஸ் சீலிங் போடுவது. மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிகளும், அதற்கு அந்தப்பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எல்லோருக்கும் கூரைக்குக் கீழே இன்னொரு கூரை தேவைப்பட்டது. சாரத்தில் ஏறி நின்று, தகரச் சட்டங்களைத் தொங்கவிட்டு, அதில் ஜிப்சம் பலகையைத் தூக்கிப் பிடித்து ஸ்குரூ முடுக்க வேண்டும். பகல் முழுக்க முகம் மேலே பார்த்தபடிதான். கூட்டாளி சவுரிமுத்து இரும்புலியூர்க்காரன். ஒருவன் பலகையைப் பிடித்தால் மற்றவன் முடுக்குவான். பேச்சே தேவைப்படாத அளவுக்குக் கை பழகியிருந்தது.

வலி முதலில் வந்தது தொண்ணூற்றாறாம் வருடம். முதாசிருக்கு அப்போது இருபத்து நாலு வயது. இடுப்புக்குக் கீழே, முதுகில் இரண்டு பக்கமும் லேசாகக் குழி விழும் இடம் உண்டே, அங்கே ஒரு நாள் வலது பக்கம் பிடித்தது. சில வாரம் கழித்து இடது பக்கம். பளு தூக்கியதால் வந்த பிடிப்பு என்றுதான் நினைத்தான். ஆனால் இந்த வலியின் நடத்தை விசித்திரமாக இருந்தது. மற்றவர்களுக்கு உழைத்தால் வலிக்கும், படுத்தால் தீரும். இவனுக்குப் படுத்தால் வலித்தது. விடிகாலையில் எழும்போது முதுகு மரக்கட்டையாக இருக்கும். சட்டை மாட்டவே கால் மணி நேரம் ஆகும். எழுந்து நடமாடி, பஸ் பிடித்து, சாரத்தில் ஏறி இரண்டு பலகை போட்டதும் பத்து மணிவாக்கில் வலி தானாகக் கரைந்துவிடும். மத்தியானம் அவனைப் பார்ப்பவர்கள் காலையில் இவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சவுரிமுத்துவும் நம்பவில்லை. “வேலைக்குக் கெளம்புற நேரத்துக்கு மட்டும் கரீட்டா நோவு வருது மச்சான் உனக்கு” என்று சிரிப்பான். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். இருந்தாலும் அதற்குப் பிறகு முதாசிர் அவனிடம் வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

டாக்டரிடம் போகாமலில்லை. மேலேயே பார்த்து வேலை செய்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டார். பத்து நாள் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். படுத்தான். பத்தாம் நாள் கட்டிலிலிருந்து எழ முடியாமல் உருண்டு தரையில் இறங்கித் தவழ்ந்துபோய்த்தான் தண்ணீர் குடித்தான். இன்னொருவர் வாயு என்றார். பெருங்களத்தூரில் ஒருவரிடம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டான். எதிலும் வலி நிற்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் கல்யாணம் ஆனது. பெண் நிகத், ஆம்பூர். அவள் அண்ணன் ஆசிப் குரோம்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தான். அவன் பார்த்து முடித்த சம்பந்தம். முதாசிரின் அம்மாவும் அத்தாவும் முன்பே இறந்துவிட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். நிகத் அதிகம் பேசமாட்டாள், ஆனால் கவனிப்பாள். அவனுக்கு ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தால் பிடிக்கும் என்பதை அவன் சொல்லாமலே ஒரு வாரத்தில் கண்டுபிடித்தாள்.

வலியை மட்டும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் அதை அவ்வளவு கெட்டியாக மறைத்தான். கல்யாணமான புதிதில் ஒரு ஆண் இடுப்பு வலி என்று சொன்னால் கூட்டாளிகள் என்ன பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. நோயை மறைத்துப் பெண் எடுத்தான் என்று ஆம்பூரில் சொல்லிவிட்டால்? ஆகவே பின்னிரவில் வலி எழுப்பிவிடும்போதெல்லாம் சத்தமில்லாமல் எழுந்து, கூடத்தில் நடந்து, அங்கேயே பாயில் சுருண்டுகொள்வான். காலையில் அவள் எழும்போது பக்கத்தில் அவன் இருக்க மாட்டான்.

ஒரு நாள் சாப்பாடு போடும்போது நிகத் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: “நான் பக்கத்துல படுத்தா உங்களுக்குப் பிடிக்கலையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. உள்ள புழுக்கமா கீது” என்றான்.

அது டிசம்பர் மாதம். அவள் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருடம் வலி முதுகிலிருந்து நெஞ்சைச் சுற்றி வந்தது. தும்மினால் விலாவில் கத்தி இறங்கும். தும்மல் வரும்போல இருந்தால் தூணைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். அந்த நாட்களில் ஒருமுறை, தூக்கக் கலக்கத்தில் நிகத் திரும்பிப் படுத்துத் தன் கையை அவன் நெஞ்சின்மேல் போட்டாள். ஒரு கையின் கனம்தான். அவன் உயிர் போகிறதுபோலத் துடித்து, அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினான். தள்ளிய வேகத்தில் அவள் வளையல் சுவரில் பட்டு உடைந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். அவன் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அவனோ வளையல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அவள் சண்டை போடவில்லை. நோன்புக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவருக்கு என்னைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது, அவரோடு என்னால் இருக்க முடியாது என்று அவள் சொன்னதாக ஆசிப் வந்து சொன்னான். முதாசிர் இல்லையென்று தலையாட்டப் பார்த்தான். கழுத்து அப்போதே சரியாக ஆடவில்லை. இரண்டாயிரத்து மூன்றில் ஜமாஅத்தில் பேசிப் பிரித்துவிட்டார்கள். ஒன்றரை வருடத்தில் நிகத்துக்கு வாணியம்பாடியில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது என்று கேள்விப்பட்டான்.

அதற்குப் பிறகு கழுத்து ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொண்டது. முகத்தை மேலே தூக்க முடியவில்லை. சாரத்தில் இடுப்பை வளைத்து, முட்டியை மடக்கி, ஏதேதோ செய்து கூரையைப் பார்ப்பான். மேடவாக்கத்தில் ஒரு வீட்டில் அவன் போட்ட பலகை விளக்கைப் போட்டதும் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் கத்தினார். சவுரிமுத்து மொத்தத்தையும் கழற்றி இரண்டு நாளில் தனியாகத் திரும்பப் போட்டான். மூன்றாம் நாள், “நீ கொஞ்ச நாள் கீழயே இரு மச்சான். நான் வேற ஆள வச்சிக்கறேன்” என்றான். முதாசிர் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டான். தாம்பரத்தில் ஒரு பிளைவுட் கடையில் பலகை அறுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. குனிந்தே செய்யும் வேலை. அவனுக்குக் குனிவது ஒன்றுதான் மீதமிருந்தது.

பள்ளிவாசலில் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழுதான். முப்பத்து மூன்று வயதில் கிழவர்களோடு அந்த வரிசை. தொழுகை முடியும்போது எல்லோரும் முகத்தை வலப்பக்கம் திருப்பி ஒரு சலாம், இடப்பக்கம் திருப்பி ஒரு சலாம் சொல்வார்கள். முதாசிர் கண்ணை மட்டும் வலது ஓரத்துக்கும் இடது ஓரத்துக்கும் ஓட்டுவான். பக்கத்தில் இருப்பவரின் தோள்வரைதான் கண்ணுக்கு எட்டும். முகம் எட்டாது.

இரண்டாயிரத்து ஆறு, வெயில் காலம். ஒரு காலையில் இடது கண் சிவந்திருந்தது. கடையில் பார்த்ததும் மெட்ராஸ் ஐ என்று சொல்லி, ஒட்டிக்கொள்ளும், ஒரு வாரம் வராதே என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாரம் அவன் யாரோடும் ஒரு சொல் பேசவில்லை. கண் தேறவில்லை. வெளிச்சம் பட்டால் ஊசி குத்தியது. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது வாரம் பார்வை மங்கத் தொடங்கியதும் பயந்துபோய், மேற்குத் தாம்பரத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனான். ஜீவிதா என்று பெயர். இளவயசு.

கண்ணைச் சோதிக்கும் கருவியில் மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்ட வேண்டும். அவன் மோவாயை வைத்தால் நெற்றி சேரவில்லை. நெற்றியை ஒட்டினால் மோவாய் நிற்கவில்லை. முகத்தை நிமிர்த்தச் சொல்லி டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

“இதுக்கு மேல வராது மேடம்.”

டாக்டர் கருவியின் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவனை ஒரு நிமிடம் பார்த்தார்.

“முதுகு வலி இருக்கா உங்களுக்கு?”

“இருக்குது.”

“காலையில எழுந்திரிக்கும்போது ஜாஸ்தியா இருக்குமா? நடக்க நடக்கக் குறையுமா?”

அவன் உடம்பை முழுக்க அவர் பக்கம் திருப்பினான்.

“ரெஸ்ட் எடுத்தா இன்னும் மோசமாகுதா? ராத்திரி பாதித் தூக்கத்துல எழுப்பி விடுதா?”

முதாசிரின் இரண்டு கண்களிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. மருந்து எரிகிறதா என்று டாக்டர் கேட்டார். இன்னும் மருந்தே போடவில்லை என்பது அவருக்கு அப்புறம்தான் நினைவு வந்தது.

“இல்ல மேடம். பத்து வருசமா யாரும் இப்பிடிக் கேக்கல” என்றான்.

இது மெட்ராஸ் ஐ இல்லை, கண்ணுக்கு உள்ளே வரும் வீக்கம், முதுகெலும்பில் உள்ள ஒரு நோய்தான் கண்ணிலும் வந்து காட்டுகிறது என்று ஜீவிதா சொன்னார். கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்து, பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு, மூட்டு நோய் பார்க்கும் ஏகநாதன் என்ற டாக்டருக்குச் சீட்டு எழுதினார்.

ஏகநாதன் பொறுமைசாலி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி முதாசிரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு காட்டினார். முதுகுத்தண்டு என்பது ஒரே எலும்பு இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள், நடுவில் மெத்தைபோல வட்டுகள், சுற்றிலும் தசைநார், அதனால்தான் மனுஷன் வளைகிறான், திரும்புகிறான் என்றார். இவனுக்கு உடம்பே தன்னை எதிர்த்து வேலை செய்து அந்த நாரையெல்லாம் எலும்பாக மாற்றியிருக்கிறது. படத்தில் தனித்தனி எலும்பு தெரியவில்லை. கணுக்கணுவாக ஒரு மூங்கில் நின்றது. இடுப்புக்குக் கீழே அந்த இரண்டு குழிகளுக்கு உள்ளே இருக்கும் மூட்டுகளில்தான் இது ஆரம்பிக்கும் என்று டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். முதாசிருக்கு முதல் நாள் வலித்த இடம் அதுவேதான்.

பிறகு டாக்டர் ஓர் அளவு நாடாவை அவன் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தார். மூச்சை முழுக்க வெளியே விடச் சொன்னார். பிறகு முடிந்த மட்டும் இழுக்கச் சொன்னார். ஒன்றரை சென்டிமீட்டர்தான் விரிந்தது. அவன் வயசு ஆளுக்கு ஐந்தாவது விரிய வேண்டும். பக்கத்துக்குப் பன்னிரண்டு விலா எலும்புகள், ஒவ்வொன்றும் முதுகில் சேரும் இடத்தில் சின்ன மூட்டு, மூச்சு இழுக்கும்போது வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல அவை மேலெழுந்து விரியும் என்றார். மேலே ஏழு முன்னால் வந்து நெஞ்செலும்பில் சேரும். அடுத்த மூன்று மேலே உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். கடைசி இரண்டு முன்னால் எதையும் தொடாமல் சதைக்குள் நின்றுவிடும். இவனுக்கு அந்த மூட்டுகளும் வீங்கி, இப்போது பூட்டிக்கொண்டிருக்கின்றன. வயிற்றால்தான் இத்தனை நாள் மூச்சு விட்டிருக்கிறான்.

“நெஞ்சுல கை பட்டாக்கூட வலிச்சிருக்குமே?” என்றார்.

“வலிச்சுது” என்றான் முதாசிர்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டபோது, முதலில் இல்லையென்று சொன்னான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, ரயிலுக்காகப் பாலத்தில் ஏறும்போதுதான் அத்தா ஜாபரின் ஞாபகம் வந்தது. அவர் தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவர். நாற்பது வயதிலேயே கூன் விழுந்து தரையைப் பார்த்து நடப்பார். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், வீட்டிலும் அதையே நம்பினார்கள். அவர் எப்போதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்குவார். பள்ளிக்கூடத்து வாசலுக்கு அவர் வந்தால் மற்றவர்கள் கேலி செய்வார்களே என்று சின்ன வயதில் முதாசிர் பின்வாசல் வழியாக ஓடியிருக்கிறான். அதே மார்க்கெட்டில் நாற்பது வருடம் மூட்டை தூக்கி நிமிர்ந்து நடந்தவர்களும் இருந்தார்கள் என்பது அன்றுவரை யாருக்கும் உறைக்கவில்லை. அவன் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு ரயில்களை விட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்து எக்ஸ்ரே படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. பார், நான் பொய் சொல்லவில்லை, இதோ இருக்கிறது என்று. நினைத்து நினைத்துப் பார்த்ததில் காட்ட வேண்டிய ஆள் ஒருத்திதான் என்று தெரிந்தது. அவள் இப்போது வேறொருவரின் மனைவி. கைக்குழந்தை இருப்பதாகவும் கேள்வி. அவளைக் கலங்கடிக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. ஆனால் தன்னைப் பார்த்து ஒருவன் அருவருத்தான் என்ற நினைப்போடு அவள் எங்கோ சோறு பொங்கிக்கொண்டிருக்கிறாள் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

அடுத்த முறை போனபோது, இந்த நோய் என்னவென்று தமிழில் எழுதித் தர முடியுமா என்று ஏகநாதனிடம் கேட்டான். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். இரவில் படுக்க முடியாது என்பதையும், நெஞ்சைத் தொட்டால் வலிக்கும் என்பதையும் அவன் சொல்லிச் சேர்த்துக்கொண்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை குரோம்பேட்டைக்குப் போய்த் தோல் கம்பெனி வாசலில் ஆசிப்புக்காகக் காத்திருந்தான். வெளியே வந்த ஆசிப்புக்கு ஒரு கணம் அவனை அடையாளம் தெரியவில்லை. மூன்று வருடத்தில் அவ்வளவு குனிந்திருந்தான். டீக்கடையில் நின்றபடி ஆசிப் அந்தத் தாளை இரண்டு முறை படித்தான். டீ ஆறிப்போனது.

“இப்ப இத வச்சிக்கிட்டு என்ன பண்றது பாய்? எல்லாம் முடிஞ்சுபோச்சே.”

“ஒண்ணும் பண்ண வேணாம். அவமேல ஒரு கொறையும் இல்லன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.”

ஆசிப் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பெருநாளுக்கு ஊருக்குப் போகும்போது பார்க்கிறேன் என்றான். பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து வந்தான்.

பெருநாள் போய் இரண்டு வாரம் கழித்துத்தான் முதாசிரின் செல்போனில் அவன் கூப்பிட்டான். கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதாசிர் வெளியே வந்து நின்று கேட்டான்.

“குடுத்தேன். படிச்சா” என்றான் ஆசிப். “அப்புறம், நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்னு சொன்னா. அவ்வளவுதான்.”

“தாளு?”

“அவகிட்டயே இருக்கு. திருப்பிக் குடுக்கல.”

வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். உள்ளே வந்து, பாதியில் நின்ற பலகையை அறுத்து முடித்தான். அன்று அறுத்ததில் ஒன்றும் கோணவில்லை என்று கடைக்காரரே சொன்னார்.

மாத்திரையில் வலி அடங்கியது. பூட்டிக்கொண்ட எலும்பு திறக்காது என்று ஏகநாதன் முதலிலேயே சொல்லிவிட்டார். மிச்சமிருக்கும் மூட்டுகளைக் காப்பாற்றத்தான் பயிற்சி. தினமும் சுவரோரம் குதிகாலையும் முதுகையும் ஒட்டி நின்று தலையைப் பின்னால் கொண்டுபோகப் பார்க்க வேண்டும். அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி எப்போதும் இருந்தது. விலா எலும்புகள் மேலும் இறுகாமலிருக்க நன்றாக மூச்செடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். எதையாவது படியுங்கள், சத்தமாகப் படியுங்கள் என்றார்.

ஆகவே அவன் பேப்பர் வாங்க ஆரம்பித்தான். காலை ஆறு மணிக்கு, யாருமில்லாத கூடத்தில், சுவரோரம் நின்றுகொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசிப்பான். ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்பது டாக்டரின் கணக்கு. ஆரம்பத்தில் பாதி வரியிலேயே மூச்சு முட்டியது. அந்த வீட்டில் அத்தனை சத்தம் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. தன் குரலையே அவன் யாரோ விருந்தாளியின் குரல்போலக் கூச்சத்தோடு கேட்டான்.

பக்கத்துப் போர்ஷனில் சுந்தரவல்லி என்று ஒரு அம்மாள். காலையில் வேலைக்குப் போகுமுன் சமைத்து முடிக்கிறவள். சில வாரம் பார்த்துவிட்டு, ஒரு நாள் குழாயடியில் கேட்டேவிட்டாள்.

“வூட்ல ஒறவுக்காரங்க யாரும் வந்துகிறாங்களா பாய்? பேச்சு சத்தம் கேக்குது.”

“யாரும் இல்லக்கா. பேப்பர் படிக்கிறேன். டாக்டர் சொன்னாரு.”

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இரண்டடி நடந்தவள் நின்றாள்.

“நேத்து செங்கல்பட்டுத் திருட்டு கேசு படிச்சியே, பாதில வுட்டுட்ட. ஆளு மாட்டிகினானா இல்லியா?”

மாட்டிக்கொண்டான் என்று முதாசிர் சொன்னான். நேற்று மூச்சு வாங்கியதால் நிறுத்திவிட்டேன், ஆறாம் பக்கத்தில் தொடர்ச்சி இருந்தது என்றும் சொன்னான். சரி சரி என்று அவள் போய்விட்டாள். மறுநாள் காலை அவன் பேப்பரை எடுத்துக்கொண்டு, அவள் அடுப்படிப் பக்கம் இருக்கும் சுவரோரம் போய் நின்றான்.